பழைய கிராபிக்ஸ் கார்டில் படம் வரவில்லையா? தூக்கிப் போடும் முன் கவனிக்க வேண்டியவை

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை நீளும் தொழிற்பேட்டைகளில் வேலை தேடும் இளைஞர்கள் பலர், ஆட்டோகேட் போன்ற வடிவமைப்பு மென்பொருள்களை வீட்டிலேயே பழகுகிறார்கள். அதற்காகச் சென்னை ரிச்சி தெருவில் பழைய கம்ப்யூட்டரையும் கிராபிக்ஸ் கார்டையும் வாங்குவோர் உண்டு. ஒரு நாள் சுவிட்சைப் போட்டால் மின்விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் இருட்டாகவே இருக்கிறது. 'கார்டு போச்சு' என்று முடிவுகட்டி, புதிதாக வாங்கக் கடன் கேட்கும் முன் சிலவற்றை நாமே சோதிக்கலாம்.

முதலில் ஓர் ஆறுதல்: படம் வராததால் உங்கள் கோப்புகள் அழிந்துவிடுவதில்லை. அவை ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. 'ஃபார்மட் செய்தால் சரியாகும்' என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

வெளியிலிருந்து தொடங்குவோம்

மானிட்டர் கேபிள் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா, மதர்போர்டிலா என்று பாருங்கள். கார்டு இருக்கும்போது பல கம்ப்யூட்டர்களில் மதர்போர்டின் வழியே படம் வராது. மானிட்டர் மெனுவில் எச்டிஎம்ஐ, விஜிஏ ஆகியவற்றில் சரியானது தேர்வாகியுள்ளதா என்றும் கவனியுங்கள். வேறு கேபிளை மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் பழுது எங்கே என்பது தெரியும்.

உள்ளே பார்க்கும் முன்

மின்சாரத்தைத் துண்டித்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்துங்கள். எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் மணிக்கட்டில் எர்த் பட்டை அணிந்துதான் போர்டைத் தொடுவார்கள். உடலில் தேங்கும் நிலைமின்சாரம் சிப்பைக் கெடுத்துவிடும் என்பதே காரணம். நாம் குறைந்தபட்சம் கேபினெட்டின் வெற்று உலோகத்தைத் தொட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

கார்டையும் ராமையும் கழற்றி, பொன்னிறத் தொடுமுனைகளைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு அழுத்திப் பொருத்துங்கள். தூசும் ஈரக்காற்றும் சேரும் நம் ஊரில் இதனாலேயே படம் திரும்பிவிடுவது உண்டு.

அடுத்தது மின்சாரம். கார்டு செருகும் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டில் 6 பின் (75 வாட்) அல்லது 8 பின் (150 வாட்) இணைப்பு இருக்கும். அது செருகப்படாவிட்டாலோ, எஸ்எம்பிஎஸ் வலுவிழந்திருந்தாலோ திரை இருண்டே இருக்கும்.

பீப் ஒலியும் பயாஸும்

ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறு ஒலிகளும் கேட்டால், அவார்டு பயாஸ் உள்ள போர்டுகளில் அது டிஸ்பிளே கோளாறு. கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டில் மானிட்டரை இணைத்துப் பாருங்கள். படம் வந்தால் சந்தேகம் கார்டின் மீது திரும்புகிறது. ஆனால் 'எஃப்' என்று பெயர் முடியும் இன்டெல் பிராசசர்களில் உள் கிராபிக்ஸ் இல்லாததால் இந்தச் சோதனை பயன்படாது.

பழைய கார்டைப் புதிய மதர்போர்டில் போட்டவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். யுஇஎஃப்ஐ ஆதரவு இல்லாத கார்டுகளுக்கு பயாஸில் 'சிஎஸ்எம்' வசதி இயங்கினால்தான் படம் வரும். கார்டு நன்றாக இருந்தும் கெட்டதாகத் தோன்றும் இடம் இது.

பயாஸ் திரை தெரிந்து, விண்டோஸ் தொடங்கும்போது மட்டும் இருண்டால் டிரைவரைச் சந்தேகியுங்கள். சேஃப் மோடில் அதை நீக்கி, அந்தக் கார்டுக்கு உரிய பழைய டிரைவரை நிறுவுங்கள்.

ஓவனில் சுடலாமா?

கார்டைச் சமையல் ஓவனில் சுட்டால் உயிர் வரும் என்று யூடியூபில் காட்டுகிறார்கள். ஆலைகளிலும் போர்டுகள் ஓவனுக்குள் செல்கின்றன. ஆனால் அது பகுதி பகுதியாக வெப்பத்தை அளந்து ஏற்றி இறக்கும் ரீஃப்ளோ ஓவன். 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் ஈயத்தைக் கட்டுப்படுத்திய பின் பரவிய ஈயமற்ற சால்டர், சுமார் 217 டிகிரி செல்சியஸில்தான் உருகத் தொடங்கும். பழைய ஈய சால்டருக்கு 183 டிகிரியே போதும். வீட்டில் 200 டிகிரியில் சுடும்போது ஈயமற்ற சால்டர் உருகுவதே இல்லை.

பழுது சிப்பின் உள்ளேயும் இருக்கலாம். 2008 ஜூலையில் என்விடியா, சிப் பொதியில் இருந்த பலவீனத்தால் பழுதான சில லேப்டாப் கிராபிக்ஸ் சிப்களுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. சூடாகி ஆறும் சுழற்சியில் உள்ளே விட்டுப்போகும் இணைப்பு, சுட்டதும் சில நாள் ஒட்டிக்கொண்டாலும் மறுபடி விட்டுவிடும். அதற்காகச் சமைக்கும் ஓவனில் நச்சுப் புகையை ஏற்றுவது நல்லதல்ல.

கடைசி முடிவு

நண்பரின் கம்ப்யூட்டரில் கார்டைப் போட்டுப் பாருங்கள். அங்கும் படம் வராவிட்டால், உப்பிய கெப்பாசிட்டர் போன்ற பழுதுகளை சிப் லெவல் சர்வீஸ் செய்பவரிடம் காட்டலாம். கூலி, பழைய கார்டின் விலையைத் தாண்டினால் விட்டுவிடுவதே மேல்.

அப்போதும் குப்பையில் போட வேண்டாம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதே முறை. உலோகத்துக்காகப் போர்டுகளை எரிக்கும் இடத்தில் அந்தப் புகையைச் சுவாசிப்பதும் நம்மைப் போன்ற குடும்பங்களே.