கேன்சலும் கிராதியும்

ரயில் டிக்கெட்டைக் கேன்சல் செய்கிறோம். பல்கலைக்கழக வேந்தரை ஆங்கிலத்தில் சான்சலர் என்கிறோம். இரண்டும் 'கேன்செல்லி' என்ற ஒரே லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. அதன் பொருள் கிராதி, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய தடுப்பு. எழுதியதை அடிக்கக் குறுக்குக் கோடுகள் இழுத்தால் தாளில் ஒரு கிராதி விழுகிறது, அதுவே கேன்சல். ரோமானிய நீதிமன்றத்தில் கிராதியருகே நின்ற ஊழியன் 'கேன்செல்லாரியுஸ்'. அந்தப் பதவிப் பெயர்தான் படிப்படியாக உயர்ந்து ஜெர்மனியின் ஆட்சித் தலைவர் வரை போனது.

தேவாலயத்தில் அதே சொல் 'சான்சல்' ஆயிற்று. சபையார் கூடும் இடத்துக்கும் பலிபீடத்துக்கும் நடுவே மரக் கிராதி நின்றது. முதலில் தடுப்புக்கு இருந்த பெயர், பிறகு தடுப்புக்கு அப்பாலுள்ள கிழக்குப் பகுதிக்கே ஆகிவந்தது. இடைக்கால இங்கிலாந்தில் சபையார் கூடும் பகுதியைப் பழுதுபார்ப்பது ஊரார் கடமை. சான்சலைப் பழுதுபார்ப்பது தசமபாக வருமானம் பெற்ற ரெக்டரின் கடமை. அந்தக் கடமை நிலத்தோடு ஒட்டிக்கொண்டு கைமாறியது. ஆஸ்டன் கான்ட்லோ என்ற ஊரில் அப்படிப்பட்ட நிலத்துக்கு உரிமையாளர்களானவர்களே சான்சல் செலவைக் கட்ட வேண்டும் என்று 2003-இல்கூட பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

சொல்லுக்கு உயிர் இவ்வளவு கெட்டி; அது குறித்த கிராதிதான் அடிபட்டது. சமயச் சீர்திருத்தத்தில் கிராதிகளின் மேலிருந்த சிலுவைகளும் உருவங்களும் இறக்கப்பட்டன. 1839-இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய ஒரு சங்கம் சான்சலுக்குப் பழைய மதிப்பை மீட்கப் புறப்பட்டது. அந்த வேகத்தில் நாடெங்கும் தேவாலயங்களில் பழைய அடைப்பு இருக்கைகள் பெயர்க்கப்பட்டன, சுவர்ப் பூச்சுகள் சுரண்டப்பட்டன. இடைக்காலத்தின் பெயரால் இடைக்காலமே அழிந்தது என்பேன்.

வில்ட்ஷயரில் தேம்ஸ் கரையோரம் உள்ள இங்கிள்ஷம் தேவாலயம் இதற்குத் தப்பியது. பெரும்பகுதி 13-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். கோபுரம் கிடையாது, மேற்கு முகட்டில் மணி தொங்கும் சிறு மாடம் மட்டுமே. உள்ளே மரத்தடுப்புகளும், கதவு வைத்த அடைப்பு இருக்கைகளும் அப்படியே இருக்கின்றன. சுவரில் இடைக்கால ஓவியத்தின் மேல் பிற்கால வேத வசனம், அதன் மேல் இன்னொரு வசனம். மேல் பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியிலுள்ள எழுத்து தெரிகிறது. தெற்குச் சுவரில் அன்னையும் குழந்தையுமாக ஒரு சாக்ஸன் காலச் சிற்பம். மேலிருந்து இறைவனின் கை அவர்களைச் சுட்டுகிறது.

அருகே கெல்ம்ஸ்காட்டில் வாழ்ந்த கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ்தான் இந்தத் தேவாலயத்துக்குக் காவல். புதுப்பிக்காதீர்கள், பழுதுபாருங்கள் என்பது 1877-இல் அவர் தொடங்கிய சங்கத்தின் கொள்கை. 1888-89-இல் இங்கே நடந்த வேலை அப்படியே நடந்தது: ஒழுகியது அடைக்கப்பட்டது, சாய்ந்தது தாங்கப்பட்டது, மற்றது தொடப்படவில்லை.

இப்போது இங்கே வாராந்தர ஆராதனை இல்லை. வழிபாடு நின்ற ஆங்கிலிக்கன் தேவாலயங்களுக்காக 1969-இல் ஏற்பட்ட அறக்கட்டளை இதையும் சேர்த்து 350-க்கு மேற்பட்டவற்றைப் பராமரிக்கிறது. நம் ஊர்ப் பழங்கோயிலிலும் பழந்தேவாலயத்திலும் திருப்பணிக்கு நாள் குறிப்பவர்கள், சுவரைச் சுரண்டுமுன் மோரிஸின் கொள்கையை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.