நெகிழ்வட்டும் அமுணக் கணக்கும்



மகாவலி கங்கை வளைந்தோடும் கட்டுகஸ்தோட்டையிலும் அதனைச் சூழ்ந்த கண்டி நாட்டூர்களிலும் முன்னோர் வயலின் பரப்பை ஏக்கரால் அளந்தாரல்லர். எத்துணை நெல் விதைக்கத் தக்கதோ, அத்துணையே அவ்வயலின் அளவாயிற்று. 10 லாஹ கொண்டது 1 பேல; 4 பேல கொண்டது 1 அமுணம். ஓரமுண வயலென்பது ஏறத்தாழ இரண்டு அல்லது இரண்டரை ஏக்கராகும். எனினும் மண்ணின் வளத்திற்கும் விதைக்கும் நெருக்கத்திற்கும் ஏற்ப அஃது ஊருக்கூர் வேறுபட்டது. பெயர் ஒன்றே, பொருளோ பல. பழைய உறுதியை இன்றைய அளவிற்கு மாற்ற முனைவோர் முதலில் இதனை அறிதல் வேண்டும்.

இத்தகைய இடர்ப்பாடு நெல்லளவோடு ஒழிந்துவிடவில்லை. நம் காலத்திலேயே தோன்றி நம் காலத்திலேயே மறைந்த நெகிழ்வட்டிற்கும் அதுவே நேர்ந்தது. பிளொப்பி டிஸ்க் என்று நாம் வழங்கிய அவ்வட்டினை ஐ.பி.எம். நிறுவனம் 1971ஆம் ஆண்டிலே வெளியிட்டது. 8 அங்குல அகலமுடைய அம்முதல் வட்டு ஏறத்தாழ 80 கிலோபைட்டே கொண்டது. 1976இல் ஐந்தேகால் அங்குல வட்டு வந்தது. 1981இல் சோனி நிறுவனம் மூன்றரை அங்குல வட்டினை அறிமுகப்படுத்தியது. 1987இல் பரவத் தொடங்கியதும், நம் பாடசாலைகளும் அலுவலகங்களும் நன்கறிந்ததுமான வட்டின்மேல் ‘1.44 மெகாபைட்டு’ என்று பொறிக்கப்பட்டிருக்கும்.

அவ்வெண் எவ்வாறு வந்தது? வட்டிற்குப் பக்கங்கள் 2. ஒவ்வொரு பக்கத்திலும் வளையம் வளையமாய் அமைந்த தடங்கள் 80. ஒவ்வொரு தடமும் 18 துண்டங்களாகப் பகுக்கப்பட்டது. ஒவ்வொரு துண்டமும் 512 பைட்டுக் கொண்டது. இவற்றைப் பெருக்கினால் 14,74,560 பைட்டு வரும். இதனைப் பத்து இலட்சத்தால் வகுத்தால் 1.47 மெகாபைட்டு. கணினியாளர் வழக்கப்படி 1024ஐ இருமுறை பெருக்கிவரும் 10,48,576ஆல் வகுத்தால் 1.41. அங்ஙனமாயின் 1.44 எங்கிருந்து வந்தது? முதலில் 1024ஆல் வகுத்து 1440 கிலோபைட்டு என்றனர். பின்னர் அதனையே 1000ஆல் வகுத்து 1.44 மெகாபைட்டு என்றனர். ஒரு கணக்கினுள் இரு மரக்கால்கள்! விற்போர் ஒன்றால் அளக்க, வாங்குவோர் மற்றொன்றால் அளந்து பார்த்தது போலாயிற்று.

இக்குழப்பத்தைத் தீர்க்கவே 1998ஆம் ஆண்டில் சர்வதேச மின்தொழினுட்ப ஆணையம் புதுப்பெயர்களை வகுத்தது. 1000 பைட்டு கிலோபைட்டு; 1024 பைட்டு கிபிபைட்டு. அவ்வாறே மெகாபைட்டிற்கு இணையாக மெபிபைட்டு என்பதும் எழுந்தது. ஆகவே அவ்வட்டு 1.47 மெகாபைட்டு, அல்லது 1.41 மெபிபைட்டு என்பதே செவ்விய விடை. இன்று சட்டைப்பையில் அடங்கும் 16 கிகாபைட்டுச் சேமிப்புக்கோல் ஒன்று இத்தகைய 10,850 வட்டுகளின் கொள்ளளவை விழுங்கிவிடும்.

எனினும் நேயர்களே, கொள்ளளவு வேறு, கொள்பொருள் வேறு. வட்டின் 2880 துண்டங்களுள் 33 துண்டங்களை அட்டவணைக்கும் பெயர்ப்பட்டிக்குமென ஒதுக்கினர். எஞ்சியது 14,57,664 பைட்டு. அதில் எத்துணைத் தமிழ் அடங்கும்? அஃது எழுத்துமுறையைப் பொறுத்தது. ‘கண்டி’ என்னும் சொல் பாமினி எழுத்துருவில் 4 பைட்டில் அடங்கியது. இன்றைய யூனிக்கோட்டின் யூ.டி.எவ்.-8 முறையில் அதற்கு 15 பைட்டு வேண்டும். ‘கட்டுகஸ்தோட்டை’ என்று எழுத 42 பைட்டு. அதே ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுத 11 பைட்டே போதும். அமுணம் மண்ணுக்கேற்ப மாறியது போல, வட்டின் கொள்ளளவும் மொழிக்கேற்ப மாறுகின்றது.

இதனால் நமக்கு ஆவதென்ன என வினவலாம். இலங்கையில் தமிழைக் கணினியில் ஏற்றிய முதற்றலைமுறையினர் பாடசாலை மலர்களையும், கோயிற் குடமுழுக்கு மலர்களையும், சங்கக் கணக்குகளையும் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டெழுதி இவ்வட்டுகளிலே இட்டுவைத்தனர். அவற்றுட் பல இன்றும் அலுமாரிகளில் உறங்குகின்றன. காந்தப்பூச்சு ஆண்டுதோறும் தேய்கின்றது. மலைநாட்டு ஈரம் பூஞ்சணத்தை வளர்க்கின்றது. வட்டினைப் படிக்கும் கருவியும் அரிதாகி வருகின்றது. சோனி நிறுவனம் 2011இல் ஜப்பானில் இவ்வட்டின் விற்பனையை நிறுத்தியது. ஜப்பானிய அரசும் 2024இல் இதனைக் கட்டாயமாக்கிய விதிகளைக் களைந்தது.

1981இல் யாழ்ப்பாண நூலகத்தைத் தீ உண்டபோது நாம் இழந்ததை உலகம் கண்டது. வட்டிலுள்ள எழுத்து அழிவதற்குத் தீயும் வேண்டா, புகையும் எழாது. ஏட்டுச் சுவடிகளை ஊரூராய்த் தேடித் தொகுத்த சான்றோர் வழிவந்த நாம், 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் போன்ற முயற்சிகளால் அச்சிட்டவற்றை மின்வடிவில் காத்து வருகின்றோம். அச்சேறாது வட்டிலேயே தங்கியவற்றிற்கும் அப்பணி வேண்டும்.

ஆதலின் ஓர் வேண்டுகோள். பாடசாலையிலோ, சங்கத்திலோ, இல்லத்திலோ பழைய வட்டு கிடைப்பின் அதனை எறியாதீர். படிக்கும் கருவி உடையாரைத் தேடி முதலில் உள்ளவாறே படியெடுங்கள். எந்த எழுத்துருவில் எழுதப்பட்டதென்பதையும் உடன் குறித்துவையுங்கள். பின்னர் யூனிக்கோட்டிற்கு மாற்றலாம். அக்குறிப்பு இல்லையேல், பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே திரையில் தோன்றும். அறியாதவர் அதனைக் குப்பையென்று அழித்துவிடவுங்கூடும். எத்துணை அமுணமென்று எழுதிவைத்தவர், எவ்வூர் அமுணமென்பதையும் எழுதிவைத்திருந்தாரேல் வழக்குகள் பல குறைந்திருக்கும் அன்றோ?