சூவெல் மரபு

அதிகாரப் பகிர்வு பெற்ற ஓர் அவைக்கு உரிய பொருளில் லண்டன் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற விரும்பினால், முதலில் அந்த அவையின் இசைவைக் கேட்க வேண்டும். பிரிட்டனில் இந்த வழக்கத்துக்குச் சூவெல் மரபு என்று பெயர். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் இது பொருந்தும். இதன் பலமும் பலவீனமும் குற்றங்களைப் பற்றிய சட்டங்களில் பளிச்சென்று தெரிகின்றன.

1707இல் இங்கிலாந்தோடு இணைந்த பிறகும் ஸ்காட்லாந்து தன் நீதிமன்றங்களையும் குற்றவியல் சட்டத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. சட்டம் தனி, அதைத் திருத்த வேண்டுமென்றால் மட்டும் லண்டனுக்குப் போக வேண்டும். இந்த விசித்திரம் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் நீடித்தது. 1998ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து சட்டம் எடின்பரோவில் ஒரு நாடாளுமன்றத்தை ஏற்படுத்தி அதற்கு முடிவு கட்டியது. போதைப்பொருள், பயங்கரவாதம் போன்றவை லண்டனிடமே இருக்க, குற்றவியல் சட்டத்தின் பெரும்பகுதி எடின்பரோவின் கைக்கு வந்தது.

ஆனால் அதே சட்டத்தின் 28ஆம் பிரிவில் ஒரு முள் இருந்தது. ஸ்காட்லாந்துக்குச் சட்டம் இயற்றும் லண்டனின் அதிகாரம் இதனால் குறையாது என்றது அதன் 7ஆம் உட்பிரிவு. அப்படியானால் கொடுத்ததை எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளலாமே என்ற கேள்விக்கு, 1998 ஜூலை 21 அன்று பிரபுக்கள் அவையில் இளைய அமைச்சர் சூவெல் பிரபு பதில் சொன்னார். எடின்பரோவின் இசைவில்லாமல் லண்டன் ‘வழக்கமாக’ அதன் எல்லைக்குள் நுழையாது, அப்படி ஒரு மரபு உருவாகும் என எதிர்பார்ப்பதாக அவர் கூறினார். இது புதிய சிந்தனை அன்று. 1921 முதல் 1972 வரை இயங்கிய பழைய வட அயர்லாந்து நாடாளுமன்றத்திடமும் லண்டன் இப்படித்தான் நடந்துகொண்டது. பின்னாளில் எல்லாச் சண்டையும் அந்த ‘வழக்கமாக’ என்ற ஒற்றைச் சொல்லைச் சுற்றியே நடந்தது.

இப்படி இசைவு தர எடின்பரோ நிறைவேற்றும் தீர்மானத்துக்குச் சூவெல் தீர்மானம் என்று பெயர் வந்தது. எப்போதாவது வரும் என்று நினைத்த இந்தத் தீர்மானங்கள், 1999 முதல் 2003 வரையிலான முதல் பதவிக்காலத்திலேயே 41 வந்தன. காரணம் எளிது: கள்ளப்பணத்துக்கு எல்லைக்கோடு தெரியாது. கிளாஸ்கோவில் சம்பாதித்ததை லண்டனில் வீடாக மாற்றிவிடலாம். ஆகவே குற்ற வருவாய்ப் பறிமுதல் மசோதாவை லண்டனே எழுத எடின்பரோ 2001இல் இசைந்தது. அடுத்த ஆண்டு வந்த அந்தச் சட்டத்தில் ஸ்காட்லாந்தின் பறிமுதல் முறைக்கென்று ஒரு தனிப் பகுதியே உண்டு. அப்படி மீட்ட பணத்தில் 2008 முதல் அங்கே இளைஞர் நலத் திட்டங்கள் நடக்கின்றன.

வேறொரு வசதியும் இதில் இருந்தது. ஒருபாலுறவு ஆண்களுக்கான சம்மத வயதைப் பதினாறாகக் குறைக்கும் மசோதாவுக்கு எடின்பரோ 2000இல் இசைவளித்தது. சூடான விவாதங்களை லண்டன் பக்கம் தள்ளிவிடும் தந்திரம் இது என்று விமர்சகர்கள் சொன்னதில் ஓரளவு உண்மை இல்லாமல் இல்லை. 2005இல் ஸ்காட்லாந்து அவை தன் விதிகளைத் திருத்தியபோது, சூவெல் தீர்மானம் ‘சட்டமியற்றல் இசைவுத் தீர்மானம்’ ஆனது. பழைய பெயர் இன்னும் பேச்சு வழக்கில் இருக்கிறது.

முதல் மறுப்பு எடின்பரோவிலிருந்து வரவில்லை, வேல்ஸின் தலைநகர் கார்டிஃபிலிருந்து வந்தது. வேல்ஸில் காவல்துறை லண்டனின் பொறுப்பு, உள்ளாட்சி கார்டிஃபின் பொறுப்பு. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் காவல் ஆணையர்களைக் கண்காணிக்க உள்ளாட்சி மன்றங்கள் குழுக்களை அமைக்க வேண்டும் என்றது லண்டனின் மசோதா. 2011 பிப்ரவரியில் வேல்ஸ் பேரவை இசைவு மறுத்தது. லண்டன் மசோதாவைத் திருத்தியது: வேல்ஸின் குழுக்கள் உள்ளாட்சிக் குழுக்களாக இருக்க மாட்டா, உள்துறை அமைச்சரே அவற்றை அமைப்பார். ஆணையர் முறை மட்டும் வேல்ஸுக்கும் வந்தது. வென்றது யார் என்று இன்றும் இருவிதமாகச் சொல்லலாம்.

மறுப்பின் உண்மையான வலிமையைக் காட்டியது வட அயர்லாந்தின் தலைநகர் பெல்ஃபாஸ்ட். காவலும் நீதியும் 2010 ஏப்ரலில்தான் அங்குள்ள பேரவைக்குக் கைமாறியிருந்தன. பல்லாண்டுக் கலவரத்துக்குப் பின், காவல்துறையைச் சமூகம் கேள்வி கேட்பதற்கென்றே காவல் வாரியம், குறைகேள் அதிகாரி என்று பாடுபட்டு ஏற்பாடு செய்திருந்தார்கள். இந்த நிலையில் லண்டன் தேசிய குற்றத்தடுப்பு முகமையைக் கொண்டுவந்தது. அதன் அதிகாரிகள் யாருக்குப் பதில் சொல்வார்கள் என்று கேட்ட ஷின் ஃபெய்ன் கட்சியும் சமூக ஜனநாயக தொழிலாளர் கட்சியும் இசைவுக்கு உடன்படவில்லை. 2013 அக்டோபரில் முகமை தொடங்கியபோது, வட அயர்லாந்தில் அதன் கைகள் பெருமளவு கட்டப்பட்டிருந்தன. அங்குள்ள நீதி அமைச்சர் டேவிட் ஃபோர்டு நீண்ட பேச்சு நடத்தினார். உள்ளூர் காவல்துறைத் தலைவரின் உடன்பாடு, குறைகேள் அதிகாரியின் மேற்பார்வை போன்ற நிபந்தனைகள் சேர்ந்த பின் சமூக ஜனநாயக தொழிலாளர் கட்சி இறங்கி வந்தது. ஷின் ஃபெய்ன் கடைசிவரை எதிர்த்தது. 2015 பிப்ரவரியில் பேரவை இசைந்தது. மே மாதம் முகமை முழு அதிகாரத்தோடு அங்கே நுழைந்தது. களத்தில் உள்ளூர்க் காவலர் ஒத்துழைத்தால்தான் நடக்கும் சட்டம் என்பதால் லண்டன் காத்திருந்தது.

ஸ்காட்லாந்துக்கு 2016இலும் வேல்ஸுக்கு 2017இலும் இந்த மரபு சட்டப் புத்தகத்திலேயே ஏறியது, ‘வழக்கமாக’ என்ற சொல்லோடு. ஆனால் 2017 ஜனவரியில், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவது பற்றிய வழக்கில், இது அரசியல் மரபே, இதைக் காப்பது நீதிமன்றத்தின் வேலை அன்று என்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறினர். மறு ஆண்டு விலகல் மசோதாவுக்கு எடின்பரோ 93க்கு 30 என்ற வாக்கில் இசைவு மறுத்தும் லண்டன் நிற்கவில்லை.

குற்றச் சட்டத்திலும் லண்டனின் பழைய தயக்கம் போய்விட்டது. போராட்டங்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கும் காவல், குற்றம், தண்டனை, நீதிமன்றங்கள் மசோதாவின் சில பிரிவுகளுக்கு 2022 ஜனவரியில், முன்பு பேரவையாக இருந்த வேல்ஸ் நாடாளுமன்றம் இசைவு தர மறுத்தது. அப்படியிருந்தும் ஏப்ரல் 28 அன்று அந்த மசோதா சட்டமானது. அந்தப் போராட்டக் கட்டுப்பாடுகள் வேல்ஸிலும் நடைமுறையில் உள்ளன.