தடை செய்த கேசட்டுகளும் அவற்றைக் காப்பாற்றியவர்களும்

பிரிட்டனில் 1983ஆம் ஆண்டு அரசுத் தரப்பு ஒரு பட்டியலை வெளியிட்டது. அதில் இருந்தவை ஆயுதங்களோ போதைப் பொருட்களோ அல்ல, சினிமாப் படங்களின் பெயர்கள்! அந்தப் படத்தின் வீடியோ கேசட்டைக் கடையில் வைத்திருந்தால் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். கடைக்காரர் கோர்ட்டுப் படி ஏற வேண்டும், சிறைக்கும் போக நேரலாம். சில படங்கள் சேர்ந்தும் சில படங்கள் நீங்கியும் கிட்டத்தட்ட மாதாமாதம் மாறிக்கொண்டே இருந்த அந்தப் பட்டியலில் மொத்தம் 72 படங்கள் இடம்பெற்றன. பத்திரிகைகள் இவற்றுக்கு வைத்த பெயர் 'வீடியோ நாஸ்ட்டி'.

இன்று அந்த 72இல் பெரும்பாலானவற்றைப் பிரிட்டனிலேயே கடையில் வாங்கலாம். பளபளப்பான அட்டைப் பெட்டி, புதுப்பித்த பிரிண்ட், இயக்குநர் பேட்டி எல்லாம் சேர்த்தே விற்கிறார்கள். சட்டத்துக்குப் பயந்து ஒளிந்து கிடந்த படங்கள் இந்த நிலைக்கு வந்ததற்கு, பழைய கேசட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்த சில ஆயிரம் பைத்தியக்காரர்களும் ஒரு காரணம்.

சட்டத்தில் ஒரு ஓட்டை

1970களின் கடைசியில் வீடியோ டெக் பிரிட்டிஷ் வீடுகளுக்குள் நுழைந்தது. சோனியின் பீட்டாமேக்ஸ் 1975லும் ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். 1976லும் ஜப்பானில் அறிமுகமாகியிருந்தன. டெக் வாங்கியவர்களுக்குப் பார்க்கப் படம் வேண்டுமே! ஆனால் பெரிய ஹாலிவுட் நிறுவனங்கள் திருட்டு கேசட்டுக்குப் பயந்து தயங்கி நின்றன.

அந்த இடத்தைச் சின்னச் சின்ன விநியோகஸ்தர்கள் பிடித்துக்கொண்டார்கள். இத்தாலியிலும் அமெரிக்காவிலும் குறைந்த செலவில் எடுத்த பேய்ப் படம், நரமாமிசப் படம், பழிவாங்கும் படம் என்று எது மலிவாகக் கிடைத்ததோ அதன் உரிமையை வாங்கிக் கேசட்டில் போட்டார்கள். வீடியோ கடை மட்டுமல்ல, பேப்பர் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் கூட இந்தக் கேசட்டுகள் வாடகைக்குக் கிடைத்தன.

தணிக்கை கிடையாதா என்று கேட்கலாம். தியேட்டரில் ஓடும் படத்துக்கு இருந்தது. 1912இல் தொடங்கிய பிரிட்டிஷ் திரைப்படத் தணிக்கை வாரியம் அதைப் பார்த்துக்கொண்டது. ஆனால் வீடியோ என்ற பொருளை நினைத்து யாரும் சட்டம் எழுதியிருக்கவில்லை. அதனால் தியேட்டரில் வெட்டிய காட்சி கேசட்டில் முழுசாக வந்தது. தியேட்டர் பக்கமே வராத படமும் நேராக வரவேற்பறைக்கு வந்தது.

போட்டி அதிகமானபோது அட்டைப்படங்கள் கொடூரமாகின. ஏபெல் ஃபெராராவின் 'தி டிரில்லர் கில்லர்' (1979) படத்தின் அட்டையில் ஒருவனின் நெற்றியில் டிரில்லிங் மெஷின் இறங்குகிற படம் இருந்தது. 1982இல் அதை வீடியோ பத்திரிகைகளில் பெரிய விளம்பரமாகவே போட்டார்கள். புகார்கள் குவிந்தன. படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நியூயார்க்கில் மனம் பிறழும் ஒரு ஓவியனைப் பற்றிய, மெதுவாக நகர்கிற படம். ஆனால் புகார் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பார்த்தது அட்டையை மட்டும்தான்.

பயம் பரவிய விதம்

1982 மே மாதம் 'சண்டே டைம்ஸ்' இந்தக் கேசட்டுகள் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. பின்னாலேயே 'டெய்லி மெயில்' பெரிய பிரச்சாரத்தில் இறங்கியது. தொலைக்காட்சியின் ஒழுக்கத்தைக் கண்காணிக்கவென்று அமைப்பு நடத்தி வந்த மேரி வைட்ஹவுஸும் களத்தில் குதித்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'கானிபல் ஹோலோகாஸ்ட்' படத்தை வெளியிட்ட நிறுவனமே, இலவச விளம்பரம் கிடைக்கும் என்று, தன் படத்தைப் பற்றித் தானே பெயர் போடாத புகார்க் கடிதம் ஒன்றை அவருக்கு அனுப்பியதாகச் சொல்வார்கள். கிடைத்தது விளம்பரம் மட்டுமல்ல, வழக்கும்தான்!

கைவசம் இருந்த ஒரே ஆயுதம் 1959ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் சட்டம். பார்ப்பவரின் மனதைக் கெடுத்துச் சீரழிக்கும் தன்மை உள்ளதா என்பதுதான் அந்தச் சட்டத்தின் அளவுகோல். புத்தகங்களை மனதில் வைத்து எழுதியது அது. எந்தப் படம் கெடுக்கும், எது கெடுக்காது என்று யார் சொல்வது? ஒரு ஊரில் விடுவித்த படத்தை அடுத்த ஊரில் தண்டித்தார்கள். எதைக் கடையில் வைக்கலாம் என்று தெரியாமல் கடைக்காரர்கள் தவித்தபோதுதான், அரசின் வழக்குத் தொடுப்பு இயக்குநர் அந்தப் பட்டியலைப் பொதுவில் வைத்தார்.

போலீஸ்காரர்கள் பலர் தலைப்பை மட்டும் பார்த்துப் பறிமுதல் செய்தார்கள். சாமுவேல் ஃபுல்லரின் இரண்டாம் உலகப் போர்ப் படமான 'தி பிக் ரெட் ஒன்' ஆபாசப் படமாக இருக்கும் என்று நினைத்து எடுத்துப் போன கதை இன்றும் சிரிப்பை வரவழைக்கும்.

பட்டியலே ஒரு கலவைச் சோறு. இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜெண்டோவின் 'டெனப்ரே' அதில் இருந்தது. சாம் ரெய்மியின் முதல் வெற்றிப் படமான 'தி ஈவில் டெட்' இருந்தது. தணிக்கை வாரியம் வெட்டிச் சான்றிதழ் கொடுத்து தியேட்டரில் ஓடிய பதிப்புதான் கேசட்டிலும் வந்தது, ஆனாலும் அதன் மீது வழக்குகள் பாய்ந்தன. ஆந்திரே ஜுவாவ்ஸ்கியின் 'பொசஷன்' படமும் இருந்தது. அதில் நடித்ததற்காகவும் சேர்த்துத்தான் இசபெல் அஜானி 1981இல் கான் விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கியிருந்தார். கானில் விருது, பிரிட்டனில் பறிமுதல்!

அதற்காக 72ம் ரத்தினங்கள் என்று சொல்லிவிட முடியாது. நாஜி முகாம் கொடுமையைக் கவர்ச்சிப் பொருளாக்கிய படங்கள் அவற்றில் இருந்தன. 'கானிபல் ஹோலோகாஸ்ட்' படப்பிடிப்பில் விலங்குகளை நிஜமாகவே கொன்றார்கள். கோபப்பட்டவர்கள் எல்லோரும் முட்டாள்கள் அல்ல. கையில் கேசட்டோடு வீட்டுக்கு வரும் பையன் என்ன பார்க்கிறான் என்று பெற்றோருக்குத் தெரியாது என்ற கவலை நியாயமானதுதான். சிக்கல் என்னவென்றால், அந்தக் கவலைக்கு ஆதாரமாக வைத்தவை பலவீனமாக இருந்தன. மிகச் சிறிய குழந்தைகள் கூட இந்தப் படங்களைப் பார்க்கிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு சொன்னது. அதைச் சோதிக்க ஆய்வாளர்கள் சிலர், உலகத்தில் இல்லவே இல்லாத படப் பெயர்களைக் குழந்தைகளிடம் கேட்டுப் பார்த்தார்கள். அவற்றையும் பார்த்திருப்பதாகப் பிள்ளைகள் கை தூக்கினார்கள்!

1984 சட்டம்

கன்சர்வேட்டிவ் எம்.பி. கிரஹாம் பிரைட் கொண்டு வந்த தனிநபர் மசோதா 1984 ஜூலையில் வீடியோ பதிவுகள் சட்டமானது. இந்தப் படங்கள் நாய்களைக் கூடப் பாதிக்கும் என்று தான் நம்புவதாக அவர் ஒரு பேட்டியில் சொன்னதை இன்று வரை கேலி செய்கிறார்கள். ஆனால் சட்டம் கேலிக்குரியதாக இல்லை. சில விதிவிலக்குகள் நீங்கலாக, பிரிட்டனில் விற்கும், வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீடியோவும் தணிக்கை வாரியத்தின் சான்றிதழ் பெற வேண்டும். 1985 செப்டம்பரில் தொடங்கிப் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. மீறினால் 20,000 பவுண்டு வரை அபராதம்.

இதன் விளைவைப் பலர் கவனிப்பதில்லை. தடையானது 72 படங்கள் மட்டும் அல்ல. சான்றிதழ் வாங்கப் படத்தின் நீளத்துக்கு ஏற்பக் கட்டணம் கட்ட வேண்டும். நூறு பேர் கூட வாடகைக்கு எடுக்காத ஒரு பழைய திகில் படத்துக்கோ, மறந்து போன ஒரு குங்ஃபூ படத்துக்கோ யார் பணம் கட்டுவார்கள்? சின்ன விநியோகஸ்தர்கள் கடையைக் கட்டினார்கள். யாரும் தடை செய்யாத படங்களும் சத்தமில்லாமல் கடைகளிலிருந்து காணாமல் போயின.

சேகரிப்பாளர்கள்

இங்கேதான் சேகரிப்பாளர்கள் வருகிறார்கள். சட்டத்துக்கு முன்பு வெளியான கேசட்டுகளுக்கு 'ப்ரீ-செர்ட்' என்று பெயர் விழுந்தது. சான்றிதழுக்கு முந்தையது என்று பொருள். அதை வீட்டில் வைத்திருப்பது குற்றமல்ல. விற்பதும் வாடகைக்கு விடுவதும்தான் குற்றம். மூடிய வீடியோ கடைகளின் கழிவுச் சரக்கு, பழைய பொருள் சந்தை, தொண்டு நிறுவனக் கடை என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் அலைந்தார்கள். பெட்டியின் அளவு, லேபிளின் நிறம், எந்த நிறுவனத்தின் எந்தப் பதிப்பு என்று தபால்தலை சேர்ப்பவர்களைப் போலக் கணக்கு வைத்தார்கள். தடைப் பட்டியலே அவர்களுக்கு வாங்க வேண்டிய சரக்கின் பட்டியல் ஆனது. அரசு அச்சடித்துக் கொடுத்த விளம்பரம்!

அசல் கிடைக்காதவர்கள் நகல் எடுத்தார்கள். இரண்டு டெக்குகளை ஒயரால் இணைத்து ஒன்றில் ஓட்டி மற்றதில் பதிவு செய்வது. நகலின் நகலின் நகல் என்று போகப் போக நிறம் கரைந்து, முகங்கள் மங்கி, ஒலியில் இரைச்சல் ஏறும். நான்காவது நகலில் ரத்தம் எது, சட்டை எது என்று கண்டுபிடிப்பதே கஷ்டம். கொடூரம் என்று தடை செய்த காட்சியைக் கண்ணால் சரியாகப் பார்த்தவர்கள் குறைவு!

வெளிநாட்டுக் கேசட்டுக்கும் மவுசு இருந்தது. அமெரிக்கக் கேசட்டுகள் என்.டி.எஸ்.சி. முறையில் பதிவானவை, பால் முறையில் இயங்கும் பிரிட்டிஷ் டெக்கில் சரியாக ஓடாது. ஹாலந்துக் கேசட்டும் பால் முறை. ஆங்கில ஒலி அப்படியே இருக்கும், கீழே டச்சு எழுத்து ஓடும், வெட்டும் குறைவு. அதனால் டச்சு எழுத்தோடு திகில் படம் பார்ப்பது ஒரு தலைமுறைக்கே பழகிப் போனது. கையால் தட்டச்சு செய்து ஜெராக்ஸ் எடுத்த ரசிகர் இதழ்கள் இவர்களை இணைத்தன. தபாலில் கேசட் போகும், பதிலுக்குக் கேசட் வரும்.

விளையாட்டாகத் தெரிந்தாலும் ஆபத்தும் இருந்தது. 1993 பிப்ரவரியில் லிவர்பூல் அருகே ஜேம்ஸ் பல்ஜர் என்ற இரண்டு வயதுக் குழந்தையைப் பத்து வயதுச் சிறுவர்கள் இருவர் கொன்றார்கள். நாடே உறைந்து போனது. 'சைல்ட்ஸ் ப்ளே 3' என்ற படம்தான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தச் சிறுவர்கள் படத்தைப் பார்த்ததற்கு ஆதாரம் எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனாலும் 1994இல் சட்டம் மேலும் இறுகியது, சிறைத் தண்டனையும் சேர்ந்தது. அந்த ஆண்டுகளில் கேசட் மாற்றிக்கொண்டவர்களின் வீட்டுக் கதவையும் அதிகாரிகள் தட்டினார்கள். படம் பார்க்கும் பழக்கம் ஒரு மனிதனைச் சந்தேகத்துக்கு உரியவனாக்கியது.

காலம் மாறியது

வாரியத்தின் இயக்குநராக 1975 முதல் இருந்த ஜேம்ஸ் ஃபெர்மன் 1999இல் விலகினார். அதே ஆண்டு 'தி எக்ஸார்சிஸ்ட்' வீடியோவுக்கு அனுமதி கிடைத்தது. 'தி ஈவில் டெட்' 2001இலும், 'டெனப்ரே' 2003இலும், 'தி லாஸ்ட் ஹவுஸ் ஆன் தி லெஃப்ட்' 2008இலும் வெட்டில்லாமல் வந்தன. 'கானிபல் ஹோலோகாஸ்ட்' 2011இல் சுமார் 15 விநாடி வெட்டோடு வந்தது. வெட்டியது மனிதர்கள் சாகும் நடிப்பை அல்ல, ஒரு விலங்கு நிஜமாகச் சாகும் காட்சியை.

எல்லாவற்றையும் விட விநோதம் 2009 ஆகஸ்டில் நடந்தது. 1984 சட்டத்தை ஐரோப்பிய ஆணையத்துக்கு முறைப்படி தெரிவித்திருக்க வேண்டும். அதை அன்று யாரும் செய்யவே இல்லை என்று 25 ஆண்டு கழித்துக் கண்டுபிடித்தார்கள்! அத்தனை காலமும் அமல்படுத்தவே முடியாத சட்டத்தை வைத்துக்கொண்டுதான் ஆட்களைத் தண்டித்திருந்தார்கள். 2010 ஜனவரியில் அதே சட்டத்தை அவசரமாக மறுபடி நிறைவேற்றினார்கள். பழைய தண்டனைகள் அப்படியே நின்றன.

இன்று டிஜிட்டலில் தெளிவான பிரதி இருக்கும்போது மங்கலான கேசட்டை ஏன் தேட வேண்டும்? சிலருக்கு அது பழைய ஞாபகம், சிலருக்கு முதலீடு. ஆனால் இன்னொரு காரணமும் இருக்கிறது. பெரிய ஸ்டுடியோ படத்தின் நெகட்டிவைக் குளிரூட்டிய அறையில் பத்திரப்படுத்துவார்கள். சின்ன நிறுவனம் மூடினால் அதன் நெகட்டிவ் குப்பைக்குப் போகும். சில படங்களுக்கு மிஞ்சியிருப்பது கேசட் மட்டுமே. சில மறுபதிப்புகளில் ஒரு காட்சி திடீரென்று மங்கலாகத் தெரிவது இதனால்தான். அந்தத் துண்டு ஃபிலிமில் கிடைக்காமல் கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டியது. 2015இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகம் சுமார் 2,700 வி.எச்.எஸ். கேசட்டுகளை வாங்கிச் சேர்த்தது. பெரும்பாலும் இதே மாதிரி திகில், மலிவுப் படங்கள்தான்.

நேரமோ குறைவு. காந்த நாடா ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது, ஈரத்தில் பூஞ்சை பிடிக்கிறது. கடைசியாக வி.எச்.எஸ். டெக் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. கேசட் இருந்தும் ஓட்டக் கருவி இல்லாத காலம் வரப் போகிறது.

எது காக்கத் தக்கது என்று நல்ல ரசனை உள்ளவர்கள் மட்டும் முடிவு செய்திருந்தால், இந்தப் படங்களில் பாதி இன்று இருந்திருக்காது. அவற்றைப் பிடிக்கவில்லை என்று சொல்லவும் படம் கையில் இருந்தாக வேண்டும் அல்லவா? கண்டிப்பவரும் ரசிப்பவரும் வரலாறு எழுதுபவரும் இன்று பார்ப்பது, யாரோ ஒருவர் தன் கட்டிலுக்கடியில் அட்டைப் பெட்டியில் போட்டு வைத்திருந்த பிரதியாகக் கூட இருக்கலாம்.

நம் ஊர் பரண்களில் இப்படித் தூசி படிந்து கிடக்கும் கேசட்டுகளில் என்னென்ன இருக்கின்றன? தூக்கிப் போடும் முன் ஒருமுறை லேபிளைப் படித்துப் பாருங்கள்.