புதன்கிழமை ஓவியர் குழுவும் ஆசிரிய மாணாக்கர் உறவும்

ஆசிரியருக்கும் மாணாக்கர்க்கும் உள்ள உறவைத் தமிழ் இலக்கண மரபு நுட்பமாக ஆராய்ந்துள்ளது. நன்னூலின் பொதுப்பாயிரம் அன்னத்தையும் ஆவையும் தலைமாணாக்கர்க்கு உவமையாக்கும். மண்ணையும் கிளியையும் இடைமாணாக்கர்க்கு உவமையாக்கும். கற்பித்த சொல்லை மட்டுமே திருப்பிச் சொல்வது கிளி. அது பிழையறச் சொன்னாலும் அதற்குரிய இடம் இடைநிலையே. கரும்பலகையில் ஆசிரியர் வரைந்ததை அவ்வண்ணமே படியெடுக்கும் மாணவர்க்கும் இது பொருந்தும் அன்றோ? ஓவியக் கல்வியின் வரலாற்றை இவ்வினாவோடு நாம் அணுகலாம்.

மலாயாவின் கல்வித்துறையில் ஓவியக் கண்காணிப்பாளராக இருந்த பீட்டர் ஹாரிஸ், 1952இல் கோலாலம்பூரில் ஒரு குழுவைத் தொடங்கினார். புதன்கிழமைதோறும் கூடியமையால் அது புதன்கிழமை ஓவியர் குழு எனப் பெயர்பெற்றது. அது பட்டம் வழங்கும் கல்லூரியன்று. வந்தவருள் பள்ளி ஆசிரியர் பலர் இருந்தனர். தம் நடையை அவர்கள்மீது சுமத்தாமல், ஒவ்வொருவரும் தாம் கண்டதையும் உணர்ந்ததையும் தம் போக்கில் வெளிப்படுத்த ஹாரிஸ் இடமளித்தார்.

இவ்வமைப்பின் சிறப்பு ஒன்றை நாம் கருத வேண்டும். பள்ளி நாள்களில் ஆசிரியராக நின்றவர், குழுவில் கற்பவராக அமர்ந்தார். வெற்றுத்தாளின் முன் எழும் தயக்கத்தை அவர் மறக்க வழியில்லை. பேட்ரிக் இங் அத்தகையவர். கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத்தில் ஓவியம் கற்பித்த அவர், 1958இல் நிலம், நீர், காற்று ஆகியவற்றின் ஆன்மாவைப் பொருளாகக் கொண்ட புகழ்பெற்ற ஓவியத்தைத் தீட்டினார்.

அவரிடம் அப்பள்ளியில் பயின்றவர் 1948இல் பிறந்த சுல்கிப்லி புயோங். 1964இல் அவர் வரைந்த 'கெலம்பு' என்னும் வண்ணக்கோல் ஓவியம், கொசுவலையையும் சிறுவர் உலகையும் காட்டுவது. அப்போது அவர் பதின்ம வயதினர். ஆசிரியரின் ஓவியத்தையும் மாணவரின் ஓவியத்தையும் அருகருகே வைத்து நோக்கினால், பின்னது முன்னதன் படியன்று என்பது விளங்கும். ஆசிரியர் கையளித்தது ஒரு நடையை அன்று. தன் வீட்டையும் விளையாட்டையும் ஓவியப்பொருளாகக் கருதும் துணிவை.

மறுபக்கமும் உண்டு. முகமது உசேன் ஏனாஸ் தலைமையில் 1956இல் உருவான ஓவியர் அணி, கண்ட தோற்றத்தைத் திருத்தமாக வரையும் திறனை வலியுறுத்தியது. இதனை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. இலக்கணம் அறியாதவரின் உரிமை விரைவில் தடுமாற்றமாகும். கைத்திறன் பெறாதவரின் கற்பனையும் அவ்வாறே. எனினும் திறனை எப்போது கற்பிப்பது என்பதே வினா. மாணவர் தமக்கு ஒன்று தேவை என உணர்ந்து கேட்கும் வேளையில் சொல்லப்படும் ஒரு நுட்பம், கேளாமல் சொல்லப்படும் பத்தினும் ஆழமாகப் பதியும்.

இன்று தேர்வு நெருங்கினால் ஓவிய நேரம் பிற பாடத்திற்குக் கைமாறுவது எளிது. அதனால் இழப்பது ஒரு பாடவேளையை மட்டுமன்று. மதிப்பெண் குறுக்கிடாமல் ஆசிரியரும் மாணவரும் ஒரே தாளை நோக்கி உரையாடும் அரிய இடத்தையும் நாம் இழக்கிறோம். ஆ, மேய்ந்ததைப் பின்னர் ஓரிடத்தில் அமைந்திருந்து அசைபோடும். பிற வகுப்புகளில் பெற்றதை மாணவர் அசைபோடும் இடம் ஓவிய அறை. அவ்விடத்தை வழங்காமல், தலைமாணாக்கர் அருகிவிட்டனர் என்று நாம் வருந்துவதில் பொருளில்லை.