மனைக்கு ஏற்ற மரம்

கொருக்குப்பேட்டையில் அரை கிரவுண்டு மனையில் வீடு கட்டி, பின்புறத்தில் பத்தடி இடம் விட்டிருக்கும் அன்பர் ஒருவர், அவ்விடத்தில் என்ன மரம் வைக்கலாம் என்று கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். இது தோட்டக்கலை வல்லுநரிடம் கேட்க வேண்டிய கேள்வி அன்றோ, வரலாறு பேசுகிறவனுக்கு இங்கே என்ன வேலை என்று நீங்கள் எண்ணலாம். ஆயினும், ஒரு நிலத்தில் எது வேரூன்றி நிலைக்கும் என்பதை அந்நிலத்தின் பழங்கதையே பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. அக்கதையைச் சுருக்கமாகச் சொல்லி, பிறகு அந்த அன்பருக்கு விடை கூற முயல்கிறேன்.

இராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் வடசென்னை நிலம் நெய்தல் நிலம். கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். இடையே மணலும் உவரும் கலந்த தரை. இத்தகைய நிலத்திற்குப் பண்டைத் தமிழர் உரிமையாக்கிய மரம் புன்னை. புன்னையைத் தன் உடன்பிறந்த தங்கையாகவே கருதி, அதன் நிழலில் காதலனோடு பேச நாணிய பெண்ணை நற்றிணை நமக்குக் காட்டுகிறது. மயிலைக் கபாலீசுவரர் கோயிலின் தலமரம் புன்னை. நம் திருவொற்றியூரின் தலமரமோ மகிழம். அந்த மகிழின் அடியில் நின்றுதான் சுந்தரர் சங்கிலியாரைப் பிரியேன் என்று சூளுரைத்தார் எனச் சேக்கிழார் பாடினார். சூளைக் காக்காதவர் கண்ணிழந்த கதையையும் அவரே சொல்கிறார். மரத்தின் முன் சொன்ன சொல்லுக்கு எத்துணை மதிப்பு இருந்தது பாருங்கள்!

ஊர்ப் பெயர்களும் சான்று பகர்கின்றன. வேப்பேரியில் வேம்பு இருக்கிறது. எருக்கஞ்சேரியில் எருக்கு இருக்கிறது. புரசைவாக்கம் புரசு மரத்தின் பெயரைத் தாங்கியது என்பர். மரங்கள் மறைந்த பின்னும் பெயர்கள் மறையவில்லை.

இனி, வந்தேறிய செடிகளைப் பார்ப்போம். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள் பலவற்றை நம் கரைக்குக் கொண்டு வந்தனர். மிளகாய், கொய்யா, பப்பாளி, அன்னாசி, முந்திரி ஆகியவை அவ்வாறு வந்தவையே. மிளகைப் போல் உறைத்த காய்க்கு 'மிளகாய்' என்று பெயரிட்டு நம்மவர் அதைத் தமதாக்கிக்கொண்டனர். ஆகவே, வெளியிலிருந்து வந்தது என்ற ஒன்றையே குற்றமாகக் கொண்டு ஒரு செடியை ஒதுக்குதல் அறிவுடைமை ஆகாது. ஒதுக்கத் தொடங்கினால் நம் குழம்பிலேயே காரம் இராது! நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அச்செடி இந்த மண்ணோடும், இந்தக் காற்றோடும், இங்குள்ள உயிர்களோடும் இசைந்து வாழுமா என்பதே அது.

கும்பினியார் காலத்தில் மரங்கள் வேறொரு கண்கொண்டு நோக்கப்பட்டன. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர், சாயம் தரும் பூச்சியை வளர்ப்பதற்காகச் சைதாப்பேட்டையில் அயல்நாட்டுக் கள்ளியைப் பயிரிட்டார். 1835-இல் சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது. அதைத் தோற்றுவித்த இராபர்ட் வைட் என்பவரும் மருத்துவரே. இவர் நம் நாட்டுச் செடிகளை ஆராய்ந்து, 1838 முதல் 1853 வரை படங்களோடு கூடிய பெருநூலை வெளியிட்டார். அந்தப் படங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர்கள். நம் மரங்களை உலகம் அறிந்ததில் அவ்விருவர் கைக்கும் பங்குண்டு என்பதை நாம் மறத்தல் கூடாது.

1856-ஆம் ஆண்டு வடசென்னையின் வாழ்வையே மாற்றியது. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் இராயபுரத்திலிருந்து முதல் புகைவண்டி புறப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் ஹியூ கிளெகார்ன் என்பவர் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக அமர்த்தப்பட்டார். இவ்விரண்டும் ஓராண்டில் நிகழ்ந்தது கருதத்தக்கது. தண்டவாளத்தின் கீழே இடுவதற்கும் மரம் வேண்டும். எஞ்சினில் எரிப்பதற்கும் மரம் வேண்டும். காடு தீர்ந்துவிடுமோ என்ற அச்சமே காவலரைத் தேட வைத்தது. விறகுக்காகக் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் எழுந்தன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணூர் வரை வெட்டப்பட்ட கால்வாய், 1876–78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக நீட்டப்பெற்று, அந்நாளைய ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. அதன் வழியே விறகும் உப்பும் நகருக்கு மிதந்து வந்தன. ஆலைகளும் சரக்கு நிலையங்களும் பெருகப் பெருக, மரம் நிழல் தருவது என்ற நினைவு குன்றி, எரிபொருள் என்ற எண்ணமே மிஞ்சியது.

பின்னர் நகரை அழகுபடுத்த நட்டவர்கள், விரைவில் வளர்ந்து பூப்பவற்றை விரும்பினர். மடகாஸ்கரின் செம்மயிற்கொன்றையும், அமெரிக்காவின் தூங்குமூஞ்சியும் சாலைதோறும் நின்றன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. நாட்டு மரங்களும் விழுந்தன. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் விரைந்து வளர்ந்த, வேர் ஆழமில்லாத அயல் மரங்களே மிகுதியாக வீழ்ந்தன. கடற்காற்றைப் பன்னூறாண்டு பழகிய புன்னையும் பூவரசும் புங்கமும் ஏன் இக்கரைக்கு உரியனவாயின என்பது அன்று விளங்கிற்று.

இப்போது நம் அன்பருக்கு விடை சொல்வோம். பத்தடி இடத்தில் புன்னையோ நாவலோ வேண்டா. அவை சுவரையும் வருத்தும், தாமும் வருந்தும். அங்கே கறிவேப்பிலை, பவழமல்லி, களா ஆகியவை போதும். வேலி ஓரம் நொச்சியும் ஆடாதோடையும் நிற்கட்டும். வீட்டு மருத்துவத்திற்கும் அவை உதவும். சுவரிலிருந்து பதினைந்து இருபதடி விலகி இடமுள்ளவர்கள் நெல்லி வைக்கலாம். அதியமான் ஔவைக்கு ஈந்த கனியை நம் பிள்ளைகள் மரத்திலிருந்தே பறித்து உண்பது சிறு பேறு அன்று. கறிவேப்பிலையைப் புழு தின்கிறதே என்று மருந்து தெளிக்க ஓட வேண்டா. பெரும்பாலும் அது கறுப்பு வண்ணத்துப்பூச்சியின் குழந்தையாக இருக்கும். சில இலைகளை அதற்கு விட்டுக்கொடுங்கள்.

மண் காய்ந்ததும் மேலே வெண்மையாக உப்புப் பூக்கிறதா என்று முதலில் பாருங்கள். பூத்தால், பூவரசு, புங்கம் போன்ற உவர் தாங்கும் மரங்களையே நாடுங்கள். நம் பகுதி மனைகள் பல, இடிபாடு கொட்டி மேடாக்கப்பட்டவை. ஆதலால் மூன்றடிக் குழி எடுத்து, கல்லும் காரையும் நீக்கி, செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் இடுதல் வேண்டும். ஆவணி, புரட்டாசியில் நட்டால் ஐப்பசி மழை வேரைப் பிடித்துக்கொடுக்கும். நீர் தேங்காதபடி அடியை மேடாக அணைத்துவிடுங்கள்.

பெரிய மரங்களுக்கு வீட்டில் இடமில்லையே என்று சோர வேண்டா. பள்ளித் திடல்களும் கோயில் வெளிகளும் அகன்ற சாலையோரங்களும் உள்ளன. தெருவார் நால்வர் கூடி, உரியவர்களின் இசைவு பெற்று, ஒரு புன்னையும் ஒரு மகிழும் நட்டு, இரண்டு கோடைக்கு நீர் ஊற்றினால் போதும். மகிழம் மெல்ல வளரும் மரம். நட்டவர் அதன் முழு நிழலில் அமர்வது அரிது. வெயிலும் ஆலைப் புழுதியும் மிகுந்த நம் பேட்டையில், அந்த நிழல் இனி வரும் பிள்ளைகளுக்கு நாம் வைத்துப்போகும் சொத்தாகும்.