பூவரசம் பூவும் பருப்பு மூட்டையும்

கண்டி நகரிலிருந்து தலாத்துஓயாவுக்குச் செல்லும் பாதையில் சிறிது தூரம் மலையேறினால் அம்பிட்டிய வந்துவிடும். பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ 1893ஆம் ஆண்டில் தோற்றுவித்த குருமடத்தின் பெயரால் இந்தியாவிலும் ஒரு காலத்தில் அறியப்பட்டிருந்த ஊர் இது. அக்குருமடம் 1955இல் பூனாவுக்குப் பெயர்ந்துவிட, அதன் இடத்தில் இன்று இலங்கையின் தேசிய குருமடம் இருக்கிறது. கிராமமாக இருந்த அம்பிட்டிய இப்போது கண்டியின் புறநகர். காலையில் பஸ்ஸேறி நகருக்குப் போய் மாலையில் திரும்புகிறவர்கள் இங்கு அநேகர். ஆயினும் கிராமத்தின் பழைய வழக்கங்கள் முற்றாக மறைந்துவிடவில்லை. பாடசாலைச் சுற்றாடலில் சிரமதானம், விகாரையில் இரத்ததானம், வெசாக் நாட்களில் தன்சல், மேலே எங்கேனும் மண் சரிந்து வீடு போனால் அரிசியும் பால்மாவும் சேர்க்கும் இளைஞர் கூட்டம் என்று, ஊர்ச் செய்தி எனச் சொல்லத்தக்கவற்றில் பாதி இவைதாம்.

அத்தகைய சேகரிப்பொன்றில் ஈடுபட்டிருந்த மாணவர் சிலரோடு அண்மையில் உரையாட நேர்ந்தது. அவர்களுள் ஒருவன் கையிலிருந்த தகர உண்டியலைக் குலுக்கியபடியே, "ஒவ்வொரு வருசமும் அதே மலைக்குத்தானே சேர் அரிசி கொண்டு போறோம்?" என்றான். சலிப்போடு சொன்ன வார்த்தைதான். ஆனால் இக்கேள்வியை இந்நாட்டின் தொண்டர்கள் முன்னரும் ஒருமுறை கேட்டிருக்கிறார்கள். அதற்கு விடைதேடி நெடுந்தூரம் நடந்துமிருக்கிறார்கள். அந்த நடையின் கதையை நமது ஆசிரியர்களும் மாணவர்களும் அறிந்திருத்தல் நன்று.

கதை ஒரு பூவில் தொடங்குகிறது. முதலாம் உலக யுத்தம் ஓய்ந்த நவம்பர் 11ஆம் நாளன்று, பிரித்தானிய ஏகாதிபத்தியம் ஆண்ட நாடுகளிலெல்லாம் செந்நிறக் கடதாசிப் பொப்பிப் பூக்களை விற்று நிதி திரட்டுவது வழக்கம். இலங்கையிலும் பாடசாலைப் பிள்ளைகள் அதைச் சட்டையில் குத்திக்கொண்டனர். கனவான்கள் தாராளமாகக் காசு போட்டனர். திரண்ட பணத்தின் பெரும்பகுதி கப்பலேறி இங்கிலாந்து சென்றது. அதே யுத்தத்தில் ஊழியம் செய்து திரும்பிய இலங்கையருக்கு எஞ்சியது அற்பம். இந்த அநீதியைக் கண்ட ஏலியன் பெரேரா என்பவர் 1931இல் பொப்பிக்குப் போட்டியாக வேறொரு பூவை விற்கும் இயக்கத்தைத் தொடக்கினார். சிங்களத்தில் அது சூரிய மல். தமிழருக்கு அது புதிய பூவன்று. நமது வேலியோரங்களில் நிற்கும் பூவரசின் மஞ்சள் பூவேதான். கிளையை ஒடித்து நட்டால் தழைக்கும் மரம், காசு கொடாமல் கிடைக்கும் பூ. ஏகாதிபத்தியத்தின் கடதாசிப் பூவுக்கு எதிராக இதனினும் பொருத்தமான பூவொன்றை எவர் தேர்ந்திருக்க முடியும்?

1933இல் தென்கொழும்பு இளைஞர் சங்கத்தினர் இதனைக் கையிலெடுத்தபோது விற்பனையின் தன்மையே மாறிற்று. இங்கிலாந்திலிருந்து ஆசிரியையாக இந்நாட்டுக்கு வந்த டொரீன் யங் 'பூக்களின் போர்' என்ற பொருள்படும் தலைப்பில் கட்டுரையொன்றைப் பத்திரிகையில் எழுதினார். ஆங்கிலேயப் பெண்ணொருத்தி பொப்பிப் பூவை எதிர்ப்பதா என்று பெரிய இடங்கள் கொதித்தன. டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவை மணந்திருந்த அவரே இயக்கத்தின் தலைவியானார். பூ விற்ற காசு தாழ்த்தப்பட்ட சாதியொன்றைச் சேர்ந்த சிறுமியின் படிப்புக்குச் செலவிடப்பட்டது. தொகை சிறிதாக இருக்கலாம். ஆனால் சேர்த்த பணம் யாரிடம் போகிறது என்ற கேள்வியைப் பகிரங்கமாகக் கேட்டதன் மதிப்பு அத்தொகையிலும் பெரிது.

அதன்பின் வந்தது 1934. தென்மேல் பருவமழை பொய்த்தது. ஆண்டு முழுவதும் நீர் ஓடும் மகாவலி, களனி கங்கை, மகாஓயா, தெதுறுஓயா ஆகியவை வற்றி, மணற்படுகையில் குட்டை குட்டையாகத் தேங்கின. மலேரியாவைப் பரப்பும் நுளம்புக்கு ஓடும் நீர் ஆகாது. வெயில்படும் தெளிந்த தேக்கமே வேண்டும். வரண்ட பிரதேசத்து மக்கள் ஆண்டுதோறும் காய்ச்சலில் அடிபட்டு ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்தார்கள். மழை வளம் மிக்க கேகாலையின் கிராமத்தவர்க்கு அந்தக் கவசமும் இல்லை. அக்டோபரில் மூண்ட நோய், ஆண்டு முடிவதற்குள் வீட்டுக்கு வீடு படுக்கை விரித்துவிட்டது. கேகாலை, குருநாகல் மாவட்டங்களில் அழிவு உச்சம். கண்டியும் மாத்தளையும் தப்பவில்லை. சுமார் 55 லட்சம் சனத்தொகை கொண்ட தேசத்தில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் நோயுற்றனர். சில மாதங்களுக்குள் மாண்டவர் தொகை 80,000 அளவில் மதிப்பிடப்படுகிறது. மாண்டவர்களுள் குழந்தைகள் ஏராளம்.

இவ்வேளையில் சூரிய மல் இயக்கத்தின் தொண்டர்கள் மூட்டைகளைச் சுமந்துகொண்டு கேகாலைக் கிராமங்களுக்குள் நுழைந்தனர். லண்டனில் பொருளியல் பயின்று திரும்பியிருந்த கலாநிதி என். எம். பெரேரா முன்னின்றார். டொக்டர் விக்கிரமசிங்க மருத்துவம் பார்த்தார். அவர்கள் கொயினா மாத்திரைகளோடு போயினர். போன இடத்தில் கண்டதோ வேறு. காய்ச்சல் கண்ட உடல்களில் பெரும்பாலானவை காய்ச்சலுக்கு முன்பே பட்டினியால் உருக்குலைந்திருந்தன. மருந்தை விழுங்கியும் எழுந்து நிற்க வலுவில்லை. எனவே தொண்டர்கள் ஈஸ்ட் சத்தான மார்மைட்டைச் சிறு சிறு உருண்டைகளாக உருட்டி மருந்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். பருப்பையும் வீடு வீடாகப் பங்கிட்டார்கள். கிராமத்து மக்கள் என். எம். பெரேராவுக்கு 'பருப்பு மாத்தயா' என்று பெயரிட்டனர். பிற்காலத்தில் எதிரிகள் அதைக் கேலியாகவும் சொல்லியிருக்கக்கூடும். எமக்கு அது ஒரு பட்டமாகவே படுகிறது. பல்கலைக்கழகம் கொடுத்த பட்டத்துக்கு அது எவ்வகையிலும் குறைந்ததன்று.

மார்மைட் உருண்டை சிறு விஷயந்தான். ஆனால் அதை உருட்டியவர்களின் மனத்தில் ஒரு வினா எழாமல் இருந்திருக்க முடியாது: மழை மிகுந்த, மண் செழித்த இந்த நாட்டிலே ஏன் இந்தப் பசி? வரட்சி அவ்வாண்டு வந்தது. பசி அதற்கு வெகுகாலம் முன்பே வந்திருந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாக்கிற்று. அவற்றில் பெரும்பகுதி பின்னர் கோப்பியாகவும் தேயிலையாகவும் றப்பராகவும் மாறியது. கண்டிச் சீமையின் விவசாயிக்கு வயல் துண்டும் தோட்டக் கூலியும் மிஞ்சின. 1929க்குப் பின் உலகப் பொருளாதார மந்தம் வந்து றப்பர் விலை சரிந்தபோது அந்தக் கூலியும் நின்றது. நுளம்பு கடித்தது அதற்குப் பிறகுதான்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று எழுதுவது நியாயமாகாது. மருந்து அனுப்பினார்கள், தற்காலிக வைத்தியசாலைகளைத் திறந்தார்கள், இந்தியாவிலிருந்து மலேரியா நிபுணர் கேணல் கில்லை அழைத்து விசாரித்தார்கள். ஆனால் இலவசமாக உணவு கொடுத்தால் கிராமத்தான் சோம்பேறியாகிவிடுவான் என்ற பயம் அதிகார வர்க்கத்தை விடாது பற்றியிருந்தது. நிவாரணம் வேண்டுமா, வந்து பாதை வெட்டு என்றனர். நடுக்கு காய்ச்சலில் கிடப்பவன் மண்வெட்டி பிடிப்பதெப்படி? தர்மம் செய்கிறவன், ஏற்பவனின் ஒழுக்கத்தைப் பரீட்சிக்கும் இந்த வழக்கம் இன்றும் நம்மிடையே உண்டு. அரிசிப் பொதி கொடுக்குமுன் படம் பிடித்துக்கொள்வது அதன் நவீன வடிவம்.

விக்கிரமசிங்க அரசாங்க சபையில் மொறவக்கையின் பிரதிநிதியாக இருந்தார். கிராமத்தில் கண்டதை அங்கே பேச அவரால் முடிந்தது. 1931இல் சர்வஜன வாக்குரிமை வந்துவிட்டிருந்தபடியால், பாயில் கிடந்த அந்த விவசாயி ஒரு வாக்காளனும் ஆவான் என்பதை மறக்கலாகாது. 1935 டிசம்பர் 18ஆம் நாள் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. சில மாதங்களில் நடந்த 1936ஆம் ஆண்டுத் தேர்தலில், கேகாலை மாவட்டத்து றுவன்வெல்லைத் தொகுதி பருப்பு மாத்தயாவைச் சபைக்கு அனுப்பிற்று. கொள்ளைநோய்க்குப் பின்னர் கிராமப்புற வைத்தியசாலைகளும் மருந்துச்சாலைகளும் பெருகின. கேட்டுப் பெற்றவை அவை.

இத்துடன் நிறுத்திவிட்டால் கதை இனிதாகத்தான் இருக்கும். ஆனால் நாம் நிற்பது தோட்டங்கள் சூழ்ந்த மலைநாட்டில்.

1934இல் தொண்டர்களின் கால்கள் கிராமத்துக்கே போயின, லயத்துக்குப் போகவில்லை. தோட்டத் தொழிலாளியின் மருந்தும் அரிசியும் சட்டப்படி துரைமாரின் பொறுப்பு. அதற்கும் மேலாக, அனுமதியின்றித் தோட்டத்தினுள் காலெடுத்து வைப்பது அத்துமீறல் எனும் குற்றம். அந்த வேலியைத் தாண்டச் சில ஆண்டுகள் பிடித்தன. 1937இல் மடுல்கலைப் பகுதியின் றெலுகாஸ் தோட்டத்தில் பயிலுநராக வந்திருந்த பிறேஸ்கேர்டில் என்ற வெள்ளை இளைஞர் தொழிலாளர் பக்கம் நின்று பேசியதற்காக நாடுகடத்தும் உத்தரவைப் பெற்றார். சமசமாஜிகள் அவரை ஒளித்து வைத்தனர். உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டை மூலோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். பருப்பு மூட்டை சென்ற பாதையும் செங்கொடி சென்ற பாதையும் அந்நாட்களில் ஒன்றாயிருந்தன. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோதும் இடதுசாரிகள் பாராளுமன்றத்தில் அதை எதிர்த்து வாக்களித்தார்கள்.

இனிச் சொல்வது எமக்கு மகிழ்ச்சி தருவதன்று. 1973, 1974ஆம் ஆண்டுகளில் இந்நாட்டில் மறுபடியும் பஞ்சம் தலைகாட்டியது. உலகச் சந்தையில் உணவும் எண்ணெயும் எட்டாத விலைக்கு ஏறின. பங்கீட்டு அரிசியும் மாவும் குறைக்கப்பட்டன. கிராமத்தானுக்கு வீட்டுக் கொல்லையில் பலாவும் மரவள்ளியும் இருந்தன. லயத்துக்காரனுக்குக் கொல்லையே இல்லை. தோட்டப்புறங்களில் மரண விகிதம் ஏனைய பகுதிகளைவிடக் கூர்மையாக உயர்ந்தது. தொழிலாளர் குடும்பங்கள் மலையை விட்டிறங்கி நகரங்களில் பிச்சை கேட்டன. அப்பொழுது நிதி மந்திரி யார்? 1970இலிருந்து 1975வரை அப்பதவியில் இருந்தவர் கலாநிதி என். எம். பெரேரா. கேகாலையில் மார்மைட் உருண்டை கொடுத்த தலைமுறை அதிகாரத்தில் இருந்தபோதுதான் லயங்கள் பட்டினி கிடந்தன. உலக விலையேற்றம் அவர் செய்ததன்று என்பது உண்மை. ஆயினும் குறைந்துபோன பங்கீடு யாருடைய வயிற்றில் முதலில் அடிக்கும் என்று கேட்கத் தெரிந்தவர் அவர். வாக்குரிமை இல்லாத வயிறு என்பதால் அக்கேள்வி மெலிந்துபோயிற்றோ என்று நாம் ஐயுறுகிறோம். தோழமையோடு வாசிக்கும் வரலாற்றிலும் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட முடியாது.

அக்காலத்தில் கண்டியில் வேறு சிலர் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டனர். இயேசு சபைத் துறவி பால் கஸ்பர்ஸ் 1972இல் இந்நகரில் நிறுவிய சத்தியோதயா, சிங்கள இளைஞரையும் தமிழ் இளைஞரையும் ஒரே மேசையில் இருத்தியது; தோட்ட மக்களின் வாழ்வைத் தன் வேலையாகக் கொண்டது. மார்க்சியவாதிகள் சந்தேகத்தோடு பார்த்திருக்கலாம். ஆனால் லயத்துக்குப் போனார்கள் என்பதே எமக்கு முக்கியம்.

மலேரியாவின் கதைக்கு ஒரு முடிவு உண்டு. 1946இலிருந்து டி.டி.ரி. தெளிக்கப்பட்டது, 1963இல் நாடு முழுவதும் 17 பேருக்கே நோய் கண்டது, கவனம் தளர்ந்ததும் அந்தப் பத்தாண்டின் முடிவில் அது மீண்டும் லட்சக்கணக்கில் பரவியது, ஈற்றில் 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடென்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு வழங்கியது. மலேரியாவை ஒழித்தவர்கள் ஊர் ஊராகப் போய்க் குட்டைகளை எண்ணினார்கள். எந்த ஊரில், எந்த வீட்டில், ஏன் என்று ஒவ்வொரு நோயாளியையும் பின்தொடர்ந்து எழுதினார்கள். மண் சரியும் மலையில் வீடு கட்டிக்கொள்ள ஒரு குடும்பத்தை நிர்ப்பந்தித்தது எது, வேறு காணி கிடைக்காதது ஏன் என்றும் அவ்வாறே எழுதலாம். அதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. ஓர் அப்பியாசக் கொப்பி போதும்.

இவ்வளவையும் அந்த மாணவர்களுக்குச் சொல்லி முடிக்கையில் இருட்டிவிட்டது. உண்டியல் வைத்திருந்தவன் சற்று நேரம் பேசாமலிருந்து, "மூலோயா எந்தப் பக்கம் சேர்?" என்று கேட்டான். இதே பாதைதான், தலாத்துஓயாவைத் தாண்டி ஹேவாஹெட்டைக்குப் போகவேண்டும் என்றோம். அவர்கள் அரிசி கொண்டு செல்லும் மலையும் அந்தப் பக்கந்தான் என்றான் அவன்.